கட்டுக்கூலி

ரிஜோ பெரியமுத்துவுக்குத் தர வேண்டியிருந்தது இருநூறு ரூபாய். எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. வெறும் வாய்ப்பேச்சு. ரிஜோ செத்து ஒரு வருஷம் கழித்து அந்தக் கடன் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. தீர்ந்த விதம்தான் இது. நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். வண்டன்மேட்டுக்குக் கீழே எஸ்டேட் பாதையில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயங்காலம் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கிற அந்த வளைவில் இன்றைக்கும் யாரும் வண்டி நிறுத்துவதில்லை.

பெரியமுத்து லோடு கட்டுகிறவன். ஏலக்காய் மூட்டைகளை ஜீப்பிலும் பிக்கப்பிலும் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்குவது அவன் வேலை. அவன் கட்டிய மூட்டை ஒன்றுகூட வழியில் விழுந்தது கிடையாது. காரணம் அவன் முடிச்சு. கயிற்றைச் சுற்றிக் கொண்டுபோய், சரக்கு உரசாத பின்பக்கத்தில்தான் முடிச்சுப் போடுவான். வண்டி எத்தனை குலுங்கினாலும் மூட்டை அந்த முடிச்சைத் தொட முடியாது. தொட முடியாத முடிச்சு அவிழாது.

போன வருஷம் மழைக்காலத்தில், எஸ்டேட்டுக்கு மேலே உள்ள மொட்டைச் சரிவில் மட் ரேஸ் நடந்தது. சேற்றிலும் பாறையிலும் ஜீப் ஏற்றுகிற பந்தயம். அதில் ரிஜோ ஓட்டினான். லயத்தில் குடியிருக்கும் மதலேனம்மாளுக்கு ஒரே பிள்ளை. கிளம்புகிற நேரம் பார்த்து சீட் பெல்ட்டின் கொக்கி உடைந்து கையோடு வந்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கமிட்டிக்காரர்கள் மைக்கில் அவசரப்படுத்தினார்கள். வண்டியைச் சோதித்துப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. ரிஜோ கூட்டத்தில் பெரியமுத்துவைக் கண்டுபிடித்துவிட்டான்.

“மாமா, இங்கிட்டு வாங்க. என்னைய ஏலக்கா மூட்டை கணக்கா கட்டி விடுங்க.”

“மூட்டை சும்மா கெடக்கும். நீ வாய மூட மாட்டியே.”

“வாய்க்குக் கட்டு வேணாம், ஒடம்புக்குப் போதும். கூலி எம்புட்டு?”

“எரநூறு.”

“பகல் கொள்ளையால்ல இருக்கு! சரி, செயிச்சிட்டு வந்து தாரேன்.”

பெரியமுத்து சிரித்துக்கொண்டேதான் கட்டினான். நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்று. முடிச்சு சீட்டுக்குப் பின்னால். பழகின கை, தானே கட்டிவிட்டது. மூட்டைக்குக் கை கிடையாது, இவனுக்குக் கை உண்டு, ஒரு அவசரத்துக்கு அவிழ்க்க வேண்டி வரும் என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவேயில்லை.

ஜீப் பாறையில் ஏறியது. செங்குத்தாக நின்றது. மல்லாக்கச் சாய்ந்து இரண்டு தடவை உருண்டது. பெட்ரோல் பற்றியது. கொஞ்ச நேரம் பொறுத்து வெடித்தது. கயிறு நைலான், உருகிப் போய்விட்டது. ரிஜோவின் ஹெல்மெட்டில் இருந்த சின்ன கேமராவும் கரிக்கட்டியாகிவிட்டது. “மண்டையில அடிபட்டு மயங்கிட்டான், அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது” என்று ஊர் சொன்னது. மதலேனம்மாள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள்.

பெரியமுத்துவுக்கு மட்டும் தெரியும். நெருப்புக்குள் ரிஜோவின் கை சீட்டுக்குப் பின்னால் துழாவியதை அவன் பார்த்தான். கயிறு அறுக்கிற கத்தி அவன் இடுப்பில்தான் இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை. கால் வரவில்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் மதலேனம்மாளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கு இருக்கிற அந்த ஒரு ஆறுதலும் போகும். சொல்லாவிட்டால் தன் தொண்டையில் கிடப்பது போகாது. ஒரு வருஷமாக அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

இந்த வருஷம் மறுபடி ரேஸ். கமிட்டிச் செயலாளர் ஷைஜு, கம்பம் டவுனிலிருந்து ஒரு பெரிய எல்.இ.டி. திரையை வாடகைக்குக் கொண்டுவந்தான். அதை பிக்கப்பில் நிறுத்தி, ஜெனரேட்டர் வைத்து, மலை முழுக்க விளம்பரம் போட வேண்டும். திரையில் ஓடப்போவது, ரிஜோவின் ஜீப் உருண்டு வெடித்த காட்சி. யாரோ செல்போனில் எடுத்தது. சத்தத்தை எடுத்துவிட்டுச் செண்டை மேளம் சேர்த்திருந்தார்கள். வெடிக்கிற இடத்தில் ‘நேரில் காண வாருங்கள்’ என்று நெருப்பு எழுத்து.

“ஷைஜு, இது ரிஜோ வண்டில்ல?”

“மொகம் தெரியாது மாமா.”

“அவங்கம்மா பாத்தா...”

“செயிக்கிற வண்டியப் பாக்கவா சனம் வருது? வெடிக்கிறதப் பாக்கத்தான் வருது. நீங்க திரையக் கட்டுங்க. உருட்டிப்புடாதீங்க, உங்க சம்பளத்துல அடைக்க முடியாது.”

கட்டினான். அவனுக்கு வேறு எப்படிக் கட்டத் தெரியும்? அதே முடிச்சு. திரையின் சட்டத்துக்குப் பின்னால்.

வண்டி ஓட்டினது ஜிபின் என்கிற பையன். பெரியமுத்து பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “மதலேனம்மா லயத்துப் பாதைக்கு மட்டும் போவாத.” ஜிபினும் சரியென்றான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் புற்றடி கடைத்தெருவில் வண்டி நின்றது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. ஒருத்தன் விசிலடித்தான். பெரியமுத்து கீழே இறங்கி முதல்முறையாகத் திரையை முழுசாகப் பார்த்தான். இடது ஓரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அது அவன்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை அதுதான். காட்சி முடிந்து மறுபடி ஓடியது. மஞ்சள் சட்டைக்காரனின் காது தெரிந்தது. மறுபடி ஓடியது. கன்னம் தெரிந்தது. அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தான்.

வெயில் கண்ணைக் கூசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் திரையை இறக்கப் போனபோது பின்னால் கைவிட்டான். முடிச்சு அங்கே இல்லை. திரைக்கு முன்னால் வந்திருந்தது. அவனுடைய முடிச்சுதான். இடம்தான் வேறு.

“நீ கட்ட மாத்துனியாடா?”

“எனக்கு வேட்டியே கட்டத் தெரியாது மாமா.”

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணி. காற்றில் மரம் விழுந்து பெரிய ரோடு அடைத்துக் கிடந்தது. ஜிபின் வண்டியைத் திருப்பினான்.

“வேற வழியில்ல மாமா. லயத்துப் பாதைதான்.”

பெரியமுத்து உடனே ஜெனரேட்டரை அணைத்தான். அது போதாதென்று திரையின் வயரையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான். திரை கறுத்துப் போயிற்று. லயத்துக்கு மேலே வளைவு வந்தது. அங்கே மஞ்சு திமுதிமுவென்று இறங்கியது. முன்சக்கரம் ஓடைக்குள் வழுக்கிச் சரிந்தது.

“இங்கனயே இருங்க. லயத்துல நாலு பேரக் கூட்டியாறேன்.”

ஜிபின் இறங்கிப் போனான். அவன் டார்ச் வெளிச்சம் பத்தடியில் கரைந்தது.

பெரியமுத்து வயரைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்றான். ஏலச்செடி இலைகளில் தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... சூடு ஆறும் இஞ்சினின் சத்தம். கீழே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. பாதியில் நிறுத்திவிட்டது.

அப்போதுதான் வாசனை வந்தது. பெட்ரோல். பிக்கப்பும் டீசல். ஜெனரேட்டரும் டீசல்.

திரை ஒளிர்ந்தது.

வயர் அவன் கையில் இருந்தது.

செண்டை மேளம் இல்லை. நெருப்பு எழுத்து இல்லை. இது அந்தக் காட்சியே இல்லை. ஜீப்புக்கு உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங் தெரிந்தது. மழை இருட்டு தெரிந்தது. ஏலக்காய்ச் சாயம் ஏறின இரண்டு முரட்டுக் கைகள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அது பெரியமுத்துவின் கை.

“கூலி எம்புட்டு?”

ரிஜோவின் குரல். சிரிப்புச் சத்தம். மலையெல்லாம் கேட்கிற மாதிரி. அடுத்து, பெரியமுத்துவின் குரலே திரையிலிருந்து வந்தது.

“எரநூறு.”

“செயிச்சிட்டு வந்து தாரேன்.”

பிறகு குரல் சின்னதாகிவிட்டது. அவன் ஒருத்தன் காதுக்கு மட்டும் என்பது போல. ஜீப் ஏறியது. பாறை. வானம். மண். வானம். மண்.

நின்றது.

ரிஜோ மயங்கவில்லை. மூச்சு கேட்டது. கேமரா இடப்பக்கம் திரும்பியது. வரிசையாக ஆட்கள். எல்லார் கையிலும் செல்போன். ஓரத்தில் மஞ்சள் சட்டை. இப்போது முழுசாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். முகம் தெரிந்தது. இடுப்பில் கத்தி தெரிந்தது.

“மாமா...”

“மாமா... கை எட்டல...”

ஓரத்தில் மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

“மாமா... அவுத்து விடுங்க...”

ஓட நினைத்தான்.

கால் வரவில்லை.

திரை அணைந்தது.

இருட்டு.

முகத்துக்கு நேரே... யாரோ மூச்சு விட்டார்கள்.

சுட்டது.

ஜிபின் நாலு ஆட்களோடு திரும்பி வந்தபோது மணி ஆறே கால். வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. டார்ச்சை மேலே அடித்தான். பெரியமுத்து வண்டியின் மேலே, திரையில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு. அவன் வலது கை தோளுக்கு மேலே போய் முதுகுப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தது. எட்டவில்லை.

“யாரு மாமா கட்டுனது?”

ஜிபின் பின்னால் போய்ப் பார்த்தான். முடிச்சு சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த மலையில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிக் கட்டுவான். அந்த ஆளைத்தான் கட்டியிருந்தது. அவிழ்க்க முடியாமல், பெரியமுத்துவின் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தே ஜிபின் அறுத்தான்.

“ஏன் மாமா வீடியோவப் போட்டீங்க? லயம் முழுக்க ரிஜோ சத்தம் கேட்டுச்சே. சனம் சிலுவை போட்டுட்டு நிக்கிது.”

பெரியமுத்து கையை விரித்தான். வயர் அப்போதும் அவன் கைக்குள்தான் இருந்தது. ஜிபின் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. நனைந்துவிடக் கூடாதென்று இறங்கும்போதே வீடியோ இருந்த பென் டிரைவைப் பிடுங்கி அவன்தான் பைக்குள் போட்டிருந்தான்.

அன்றைக்கு இரவு பெரியமுத்து படுக்கவில்லை. விடிந்ததும் லயத்துக்குப் போனான். மதலேனம்மாள் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துக் குழாயை அடைத்தாள்.

“வாங்கண்ணே. நீங்க வருவீகன்னு தெரியும்.”

“தங்கச்சி... நேத்து...”

“கேட்டேன். மஞ்சுல அரைகொறையாத்தான் விழுந்துச்சு, உங்க கொரலும் கேட்டுச்சு. சிரிச்சான். எரநூறு ரூவா தாரேன்னான். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. மஞ்சுதான்.” குடத்தை நகர்த்தி வைத்தாள். “ஒரு வருசம் கழிச்சு எம்புள்ள சத்தத்தக் கேட்டேன். அது போதும். ஆனா எதுக்குண்ணே எரநூறு ரூவா?”

இங்கேதான் பெரியமுத்து தப்பித்திருக்கலாம். கைமாத்து என்று சொல்லியிருக்கலாம். டீக்கடைப் பாக்கி என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி விட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

“கட்டுக்கூலி” என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். உடைந்த கொக்கி, கயிறு, பின்னால் போட்ட முடிச்சு, துழாவின கை, இடுப்பில் இருந்த கத்தி. அவன் மயங்கவில்லை என்பதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான். நிறுத்தவில்லை.

மதலேனம்மாள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. அடுத்த வீட்டுக் கத்தரீனாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அரிவாளோடு வந்தாலும் சரி என்று பெரியமுத்து அங்கேயே நின்றான்.

அவள் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களோடு வந்தாள்.

“பிடிங்க.”

“அய்யோ, வேணாம் தங்கச்சி. என்னால...”

“பிடிங்கண்ணே. நான் குடுக்கல. அவன் குடுக்கிறது.”

கையில் வாங்கினான். தாள்கள் ஈரமாக இருந்தன. ஒரு ஓரம் லேசாகக் கருகியிருந்தது. பெட்ரோல் வாசனை அடித்தது.

“ரேஸுக்குப் போட்டுட்டுப் போகணும்னு ஒரு நீலச் சட்ட வாங்கினான். கடைசியில மறந்துட்டுப் போயிட்டான்” என்றாள். “ஒரு வருசமா அதத் தொவச்சுத் தொவச்சுக் கொடியில போடுறேன். நேத்து மத்தியானமும் தொவச்சேன். பையத் திருப்பிப் போட்டுத்தான் காயப் போட்டேன். ஒண்ணுமே இல்லண்ணே, வெறும் பை.”

அவள் வெறும் கொடியைக் கை காட்டினாள்.

“ராத்திரி வண்டிச் சத்தம் அடங்கின பொறகு போயி எடுத்தேன். எரநூறு ரூவா இருந்துச்சு. காலையில வந்து கேப்பீக, குடுக்கணும்னு வச்சிருந்தேன்.”

மதலேனம்மாள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் குடத்தில் விழுந்தது.

“பாக்கி தீந்துச்சுல்ல? போங்க. இனிமே இந்த வாசலுக்கு நீங்களும் வர வேணாம்... அவனும் வர வேணாம்.”