மொட்டையடித்த ஓடைக்கரை

மலேசியாவில் கூலிம் பக்கம், பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தோட்டங்களில் களைக்கு மருந்தடிக்கும் வேலையைக் கொந்தரேக்காக, ஒப்பந்தத்தில் எடுத்து, உழைத்து வாங்கிய நிலம். அதன் கோடியில் ஓர் ஓடை. கரையெல்லாம் பூச்சோக் பாக்கு என்ற கீரை. படித்தவர்கள் பெரணி என்பார்கள். நுனி சுருண்டிருக்கும்போதே கிள்ளிப் புரட்டினால் கறி தேவையில்லை. நான் நட்டதில்லை. மேலே மரநிழல், கீழே ஓயாத ஈரம். இரண்டும் இருந்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்த வருஷமும் எழுந்து போகாது.

மகளுக்கு ஜித்ராவில் மாப்பிள்ளை பேசினோம். "ஓடைக்கரையில காடு மாதிரி கெடக்கு. எங்க நிலத்துக் கீரையத் தின்னுட்டு அப்புறம் சொல்லுங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அந்த வாரத் தொடக்கத்தில், வழியை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லி என் பழைய வேலைக்காரனை அனுப்பினேன். தோட்டத்தில் களை வெட்டியே வளர்ந்தவன்; மரத்தடியில் எது பச்சையாக நின்றாலும் அவனுக்குக் கண் உறுத்தும். கரையையே மொட்டையடித்துவிட்டு வந்து நின்றான்.

"மொத்தமா கிளீன் பண்ணிட்டேண்ணே. சம்பந்தி கார் ஓடை வரைக்கும் போவும்."

"அடப்பாவி! மருந்து அடிச்சியா?"

"இல்லண்ணே, மெசின்லதான் வெட்டுனேன்."

எனக்கு உயிர் வந்தது. மருந்து என்றால் வேர்க்கட்டை வரை போயிருக்கும். வெட்டு என்றால் முடி இறக்கிய மாதிரிதான். இந்தச் செடியை என் அளவுக்கு அழித்தவனும் இல்லை, என் அளவுக்கு அறிந்தவனும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்குள் துளிர்க்க வேண்டுமே! பெண்ணைப் பெற்றவனின் முதல் வார்த்தையே பொய் என்றால், நாளை என் மகள்தான் அந்த வீட்டில் பேச்சுக் கேட்பாள்.

"பாசார்ல ஒரு கட்டு வாங்கிடுங்க லா. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்ல. பேசாம இரு, வரும்."

ஞாயிறு காலை நான் முன்னதாகப் போய்ப் பார்க்கவே இல்லை. சம்பந்தியம்மாவை நேராக ஓடைக்கு அழைத்துப் போனேன். வெட்டுப்பட்ட தூர்களின் நடுவே, விரல் நீளத்தில், சுருண்ட குருத்துகள் எழும்பியிருந்தன.

"என்ன சம்பந்தி, காடு மாதிரி கெடக்குன்னீங்க? ஆடு மேஞ்ச மாதிரியில்ல இருக்கு!"

"திங்கக்கெழம வெட்டுனதும்மா. இவ்ளோ சீக்கிரம் வேற எந்தக் கீரை வரும், சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே முந்தானையைச் செருகிக் குனிந்து கிள்ளத் தொடங்கினார். மதியம் ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. சட்டியை வழித்தவர் அவரே. கிளம்பும்போது, வேரோடு வேண்டும் என்றார்.

"உங்க ஊரு வயக்காடு, வெயில் கொளுத்தும். வாழை நெழல்ல, குளிக்கிற தண்ணி ஓடுற பக்கமா வைங்க" என்று இரண்டு தூர்களை மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தேன். காரின் பின்பெட்டியில் அவை சாயாமல் இருக்க, நாங்கள் கொடுத்து அங்கே வைத்திருந்த பலகாரத் தட்டைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார் சம்பந்தியம்மா.