ஒரு ஜோடி ஷூவும் என் கட்டைவிரலும்

தொண்ணூறுகளின் கடைசியில் மணலியில் ஓர் உரத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினேன். இரண்டு ஆட்களுக்கு ஒரு ஜோடி இரும்பு முனை ஷூதான் கொடுப்பான் காண்டிராக்டர். காலை ஷிப்டுக்காரன் கழற்றியதை மத்தியான ஷிப்டுக்காரன் அதே வியர்வையோடு மாட்ட வேண்டும். ஷூ இல்லாதவனை கேட்டுக்குள் விடமாட்டார்கள். என் கூட்டாளிக்குச் சின்னக் கால். ஷூவும் அவன் அளவு.

இறுக்கத்தில் என் கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கியது. ஷூ ஏற வேண்டுமே என்று நகத்தின் ஓரத்தைப் பிளேடால் தோண்டி எடுத்தேன். எங்கள் செட்டில் எல்லோருக்கும் அதுதான் வைத்தியம். சீழ் வைத்துவிட்டது. ஷூவைத் தொட்டாலே உயிர் போனது. வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் என்றான் காண்டிராக்டர்.

கூட்டாளி ஷிப்டு முடிந்து, ஷூவைக் கழற்றாமலே என்னை சைக்கிளில் உட்காரவைத்து தண்டையார்பேட்டை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மிதித்தான்.

அங்கே ஒரு டாக்டரம்மா. என்னைவிடக் கோபக்காரி.

"பிளேடு போட்டியாய்யா?"

"ஷூ ஏறணுமே மேடம்."

"ஓரத்த நோண்டுனா இன்னும் உள்ளதான் போவும். நேரா வெட்டணும்."

விரலின் அடியில் இருபுறமும் ஊசி போட்டார். அலறினேன்.

"கத்து, நல்லா கத்து. காலு மட்டும் ஆடக் கூடாது."

விரல் மரத்ததும் அடியில் ரப்பரை இறுக்கிக் கட்டி, புதைந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் பிளந்து உருவினார். அந்த ஓரம் மறுபடி வளராதபடி வேரில் மருந்து வைத்தார். வாயில் அவ்வளவு காரம். கையில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. நான் யாரையும் சும்மா புகழ்கிறவன் இல்லை. அது கை!

"நாளைக்கு ஷூ போடலாமா மேடம்?"

"ஆறுற வரிக்கும் தொடாத. எங்க அந்த ஷூ?"

கூட்டாளி காலைக் காட்டினான். இருவருக்கும் காண்டிராக்டர் கொடுத்தது ஒரே ஜோடி என்றதும் டாக்டரம்மா முகம் சிவந்தது.

"நகத்த நான் எடுத்துட்டேன். இந்த அநியாயத்த யாரு எடுக்கறது? ஆளுக்கு ஒண்ணா மாட்டிகினு கேட்டுல போய் நில்லுங்க. அப்பயாவது அவனுக்கு வெக்கம் வருதான்னு பாப்போம்."

"நீ படு மாமு, ரெண்டு ஷிப்டும் நான் பாத்துக்கறேன்," என்றான் கூட்டாளி. சொன்னபடி செய்தான். என் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை.

புண் ஆறியதும் கேட்டுக்குப் போனோம். அவன் காலில் வலது ஷூ, என் காலில் இடது ஷூ. மற்ற இரண்டு கால்களும் வெறுங்கால். செக்யூரிட்டி திறக்கவில்லை, நாங்களும் நகரவில்லை. பின்னால் ஷிப்டு மொத்தமும் நின்று சிரித்தது. கம்பெனி அதிகாரி ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி, "என்னய்யா இது?" என்று காண்டிராக்டரைக் கேட்டார்.

அன்று மத்தியானமே எனக்குத் தனி ஜோடி வந்தது. என் அளவில்.