பத்துப் பேர் வேண்டிய ஜெபம்

எங்கள் அக்காவின் கணவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. மாமாவை "துரை" என்று மட்டுமே அறிந்த உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் துரை அல்லர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மாமா வியன்னா நகரில் ஒரு தையற்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். பெரிய கால்பந்துக் குழுவில் கோல்கீப்பராக இருந்தார். ஜெர்மனியின் நாஜிகள் வந்து நாட்டைப் பிடித்ததும் யூதர் என்று மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. பெற்றோரும் தம்பியும், தாங்கள் பின்னால் வருவதாகச் சொல்லி அவரைக் கப்பலேற்றினார்கள். மதராஸில் இறங்கியவரை, போர் மூண்டதும், ஜெர்மன்காரர் என்று வெள்ளைக்காரப் போலீஸ் பிடித்து அடைத்தது. இது என்ன நியாயமோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வெளியே வந்து துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். எங்கள் ராயபுரம் குழுவுக்கு கோல் காத்தார். எங்கள் பாஷையையும் பிடித்துக்கொண்டார். அக்காவை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்தார்.

போர் முடிந்தபின், அவர் வீட்டார் ஒருவரும் மிஞ்சவில்லை என்ற செய்தி வந்தது. இறந்தவர்களுக்கான ஜெபத்தை அவர்கள் மதத்தில் தனியாகச் சொல்லக் கூடாதாம்; பத்து ஆண்கள் கூட வேண்டுமாம். இதைக் கேட்ட எங்கள் ஃபுல்பேக் ஏழுமலை, குழுவையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"இன்னா தோஸ்து, பத்து பேர்தானே? வந்துகீறோம். ஆரம்பி."

"எங்க ஆளுங்களா இருக்கணும் ஏழுமல. நீங்க கணக்குல வரமாட்டீங்க," என்றார் மாமா.

ஏழுமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கோபம்தான். சேர்ந்து விளையாட நாங்கள் வேண்டும், அழுவதற்கு வேண்டாமா? பிறகு பல வருடம் மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிறன்று நாங்கள் மாதா கோயிலுக்குப் போனால் அவர் கடற்கரையில் தனியே உட்கார்ந்திருப்பார். அக்கா கூப்பிட்டாலும், "நீ போ, வர்றேன்" என்பார். அத்தனை பேர் சுற்றியிருந்தும் அவர் தனியாகத்தான் இருந்தார்.

சென்ற ஆண்டு நெஞ்சு கெட்டுப் படுத்தார். தேற மாட்டோம் என்று தெரிந்ததும் ஏழுமலையை வரச்சொன்னார்.

"எல்லாரையும் இட்டுகினு வா. அந்த ஜெபத்த சொல்லிடறேன்."

"நாங்க கணக்குல வரமாட்டோம்னியே?"

"வேற யாரு கீறாங்க எனக்கு? சொல்லாம போனா எங்க அப்பா அம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன்? தப்புன்னா மேல போயி நான் பேசிக்கிறேன்."

படுக்கையைச் சுற்றி நின்றோம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஆமேன் சொல்ல வேண்டிய இடங்களைக் கையசைத்துக் காட்டினார். முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அடுத்த வாரமே போய்விட்டார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், பெட்டியைச் சுமந்து வந்த பட்டறைத் தோழர்களுக்கும் அக்காவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். அடக்கத்தன்று மாமாவுக்காக அந்த ஜெபத்தைச் சொல்ல நினைத்தோம். ஆள் இருந்தோம், ஜெபம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆமேன் மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம்.