மாலை போட்ட நடிகருக்கு அனுப்பிய சம்பல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது என் தங்கை மகன். அவள் பிரசவத்தில் போய்விட்டாள், பச்சைப்பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐந்து பேரையும் படிக்க வைத்தது என் கரண்டிதான். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு நாளைக்கு அரைப்பக்கம். அதனால் என்ன, எனக்கு ரயிலா புறப்படப்போகிறது?

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சமையல் கூடம் வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எல்லாவற்றுக்கும் இங்கிருந்து சாப்பாடு போகும். இப்போது மூத்த மருமகள்தான் நடத்துகிறாள். இந்தியாவிலிருந்து சினிமாக்காரர்கள் கலைநிகழ்ச்சிக்கு வரும்போதும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அப்படி நடக்கிறது.

அதனால் எங்கே போனாலும் என்னிடம் சினிமாக்காரர்களைப் பற்றிக் கேட்பார்கள். "அவரு நேர்ல எப்படிக்கா இருப்பாரு?" என்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் படத்தைப் பார்த்ததைவிட அவர்கள் மிச்சம் வைத்த தட்டைப் பார்த்ததுதான் அதிகம். தட்டைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். காதல் படங்களாக நடிப்பாரே ஒருவர், அவர் ரொட்டி சானாயைக் குழம்பே தொடாமல் சீனி தூவித்தான் தின்பார், சின்னப் பிள்ளை மாதிரி. ஒரு கதாநாயகி ஹோட்டல் அறைக்குள் டுரியான் பழத்தை ஒளித்துக் கொண்டுபோய், அந்த மாடி முழுக்க நாறி, இரவோடு இரவாக வேறு ஹோட்டலுக்கு மாற்றினார்கள். படத்தில் ஆளை வெட்டிச் சாய்க்கும் வில்லன் ஒருவர் எங்கள் கொட்டகைக்கே சாப்பிட வந்தார். எங்கள் பூனை காலில் உரசியதும் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். சிரிப்பு நடிகர் ஒருவர் மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

இப்போது எழுத உட்கார்ந்தது இவர்களைப் பற்றி அல்ல. போன கார்த்திகை மாதம் வந்தவரைப் பற்றி. பெயர் எழுத மாட்டேன். அவர் சண்டைப் படக்காரர், ஒரே அடியில் இருபது பேரைப் பறக்கவிடுவார். அந்தச் சமயம் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்.

ஏற்பாட்டாளர் மருமகளிடம் சொல்லிவிட்டுப் போன கணக்கு இதுதான். மேடை வேலை பார்க்கிற நாற்பது பேருக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கோழி, மிளகாய் அரைத்த சம்பல். நடிகருக்கு மட்டும் தனியாகச் சைவச் சாப்பாடு. மாலை போட்டவருக்கு எல்லோரும் சமைத்துவிட முடியாது. மருமகள் வயதில் உள்ளவர்கள் எட்ட நிற்க வேண்டும். என்னைப் போன்ற கிழவிதான் சரி. அதனால் அந்தச் சாப்பாடு முழுக்க என் கைதான்.

"மலேசியாவுக்கு வந்துட்டு சம்பல் சாப்பிடாம போனா எப்படி ஆன்டி? அதையும் சைவமா செஞ்சு கொடுத்துடுங்க," என்றார் ஏற்பாட்டாளர்.

தலைக்குக் குளித்தேன், விளக்கேற்றினேன். புதுச் சட்டி வாங்கி வரச் சொல்லி, அம்மியை மூன்று முறை கழுவினேன். விரதக்காரருக்கு எதற்கு என்று சம்பலில் வெங்காயம், பூண்டுகூடப் போடவில்லை. அவ்வளவு கவனம். இன்னொன்றும் உண்டு. மாலை போட்டவருக்கு அனுப்பும் முன்னால் அந்தச் சமையலை வேறு யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. நானும் பார்க்கவில்லை. உப்பு, காரம் எல்லாம் கண் அளவுதான். ஐம்பது வருடக் கை, தப்பாது என்று எனக்கு ஒரு பெருமை.

மூன்று மணிக்கு இரண்டாவது மகன் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். நடிகர் தங்கியிருந்தது கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹோட்டல். முதலில் அங்கே கொடுத்துவிட்டு, பிறகு நிகழ்ச்சி நடக்கும் அரங்கத்துக்குப் போக வேண்டும்.

வேன் போன பிறகுதான் மருமகள் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மியில் ஒட்டியிருந்த சம்பலைச் சோற்றால் துடைத்து வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தை, சாமிக்குச் செஞ்சதுன்னு சொன்னீங்க? கோழி சம்பலவிட இதுதான் தூக்கலா இருக்கு லா."

"வெங்காயமே இல்லாததுல என்னடி தூக்கல்?"

சொல்லிக்கொண்டே ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். பெலாச்சான்.

அது வேறொன்றும் இல்லை. சின்ன இறாலை உப்புப் போட்டு அரைத்துக் காயவைத்த கட்டி. சம்பல் என்றால் அது இல்லாமல் இந்த ஊரில் யாரும் அரைப்பதில்லை. கீரை வாங்கப் போய்ச் சைவம் என்று சொன்னாலும் பெலாச்சான் போட்டு வதக்கிக் கொடுக்கிற கடைகள் உண்டு. மீனா போட்டோம், கோழியா போட்டோம் என்று கேட்பார்கள். நாற்பது பேர் சம்பலுக்காக நான்தான் காலையில் அதைச் சுட்டு நொறுக்கி, உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கொட்டகை முழுக்க ஏற்கனவே அந்த வாசனை. கை பாட்டுக்கு உப்பை எடுத்தது, அடுத்த கிண்ணத்தையும் எடுத்தது. வெங்காயத்தைத் தள்ளி வைக்கத் தெரிந்த எனக்கு, அதைத் தள்ளி வைக்கத் தெரியவில்லை.

இதை நான் ஏன் சும்மா விடவில்லை என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் மாலை போட்டவர். ஒரு வருடம் பட்டறையில் யாரோ பொரித்த வாழைப்பழம் கொடுத்தார்கள். தின்ற பிறகுதான் தெரிந்தது, மீன் பொரித்த எண்ணெயில் போட்டெடுத்தது என்று. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று தன் கையாலேயே மாலையைக் கழற்றினார். அந்த வருடம் மலைக்குப் போகவில்லை. ஒரு வாரம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். வெறும் எண்ணெய்க்கே அப்படி. நான் இறாலையே அனுப்பிவிட்டேன்.

மருமகள் ஏற்பாட்டாளருக்கு மூன்று முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. மகனுக்கு அடித்தாள். அவன் போன் அரிசி மூட்டை மேலேயே கிடந்து பாடியது.

"விடுங்க அத்தை. மெட்ராஸ்காரருக்குப் பெலாச்சான் ருசி எங்க தெரியப்போவுது? நல்லா இருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போயிடுவாரு."

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

"வெளிய தெரிஞ்சா நம்ம பேரு நாறிடும்."

"இப்பவே நாறுது, அம்மியில. ஆறு மணிக்குத்தான சாப்பிடுவாரு? என்னக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடு."

"வேன் போன வழியிலயே கார்ல போயிடலாமே?"

"மழை வேற. ஜாம்ல நின்னா அவரு கை கழுவின பிறகுதான் போய்ச் சேருவோம்."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் விட்டாள். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அந்த ரயில் என்னைவிட நிதானம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கும். எதிர்ச் சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே போனில் படம் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தால் அவரேதான். ஆட்களைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். கழுத்தில் மாலை இருக்கிறதா என்று பார்த்தேன். படத்தில் எப்படி இருக்கும்? புத்தி அப்படிப் போயிற்று. சாமியே, அவர் இன்றைக்கு ஒரு நாள் தாமதமாகச் சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். தப்பு செய்தவள் நான், நேரத்தை மட்டும் அவனிடம் கேட்டேன்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கிக் குடை பிடித்து நடந்தேன். பூக்கடை, பாட்டுச் சத்தம், ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஹோட்டல் வாசலில் ஐம்பது அறுபது பேர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கறுப்புச் சட்டை போட்ட காவல்காரர் கையை நீட்டி மறித்தார். கதவு அகலம் இருந்தார்.

"ஆன்டி, செல்ஃபி எல்லாம் கிடையாது லா. வீட்டுக்குப் போங்க, மழையில சளி புடிக்கும்."

"எனக்கு அவரு மூஞ்சி வேணாம் தம்பி. சம்பல் டப்பாதான் வேணும்."

"என்னா டப்பா?"

"சாப்பாடு அனுப்புனது நாங்கதான். தப்பா அனுப்பிட்டேன்."

"சாப்பாடு அஞ்சு மணிக்கே மேல போயிடுச்சி ஆன்டி."

மணி பார்த்தேன். ஆறு தாண்டிப் பத்து நிமிடம். அங்கேயே ஒரு பூத்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் பயந்துபோய், "அழாதீங்க, இருங்க," என்று யாருக்கோ போன் செய்தார். நான் அழவில்லை, மழைத் தண்ணீர்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒல்லியாக, நரைத்த தலையுடன் ஒருவர் லிஃப்டிலிருந்து வந்தார். நடிகரின் ஒப்பனைக்காரராம்.

"இன்னாம்மா, நீங்களா சமைச்சது? சம்பல் சூப்பரும்மா. நானே மூணு வாட்டி போட்டுக்கினேன்."

"நீங்களா? சாமி?"

"அவரு எங்க தின்னாரு? மாலை போட்டா வெளிச் சோறு தொட மாட்டாரு. பொட்டியிலயே குட்டி குக்கரு இருக்குது. எந்த ஊருக்குப் போனாலும் தானே கஞ்சி காச்சிக்குவாரு. வர்ற சோறெல்லாம் எங்களுக்குத்தான்."

எனக்கு மூச்சு வந்தது. கூடவே சின்னதாக ஒரு வருத்தமும் எட்டிப் பார்த்தது. தலைக்குக் குளித்து அம்மி கழுவிச் சமைத்ததை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லையே. அதை உடனே விரட்டிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இத அவரண்ட நீயே சொல்லும்மா," என்று மேலே கூட்டிப்போனார்.

அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் கறுப்பு வேட்டியோடு தரையில் செய்தித்தாள் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் மலை மாதிரி தெரிகிற மனிதர், என் மூன்றாவது மகன் உயரம்கூட இல்லை. பக்கத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு குக்கர்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெலாச்சான் என்றால் என்ன என்பதையும் சொன்னேன். அவர் கை மார்பில் கிடந்த மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"தொடலைம்மா. பயப்படாதீங்க." பிறகு கேட்டார், "சொல்லாமலே விட்டிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"அப்புறம் எனக்குச் சோறு இறங்காது சாமி."

அவர் எழுந்து ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றி என் கையில் கொடுத்தார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு வாய் குடித்தேன். மறு வாய் குடிக்க முடியவில்லை.

"என்னம்மா?"

"தப்பா நினைக்காதீங்க சாமி. உப்பே இல்ல."

ஒப்பனைக்காரர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இருவது வருஷமா இத சொல்ல எனக்குத் தெகிரியம் வரலம்மா!"

நடிகருக்கு முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்தார். பெட்டியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். கை கழுவிக்கொண்டு வந்து, குக்கரில் இருந்த கஞ்சியில் இரண்டு சிட்டிகை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். மிச்சக் கஞ்சி முழுவதையும் குடித்து முடித்தார். "இப்பத்தாம்மா கஞ்சி," என்றார். அவருக்கு நான் சமைத்தது அந்த இரண்டு சிட்டிகை உப்புதான்.

திரும்பி வரும் ரயிலில் தூங்கிவிட்டேன். கிள்ளான் வந்ததும் பக்கத்தில் இருந்த சீனத்தி எழுப்பிவிட்டாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் மருமகள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எங்க அத்தை சம்பல அவரு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாரு," என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேன் கதவில் அவர் படத்தையும் சம்பல் படத்தையும் சேர்த்து ஒட்டப் போகிறாளாம். நான் கூடாது என்றேன். "விளம்பரம்னா அப்படித்தான் அத்தை," என்கிறாள். அவர் சாப்பிடாததால்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அந்தச் சாப்பிடாததையே சாப்பிட்டதாக ஊரெல்லாம் சொன்னால், அவர் விரதத்துக்கு நானே இரண்டாம் தடவை கேடு செய்கிற மாதிரி இல்லையா? வாயால் சொன்னால் அவள் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தால் படிப்பாள்.

எழுதி முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழை நன்றாகப் படிக்கிறவள். வா கண்ணு, இப்படி உட்கார். போனைக் கீழே வை. என் கையெழுத்துக்குச் சிரிக்காமல் முதலிலிருந்து சத்தமாகப் படி. எங்கேயாவது என்னை நான் ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டிருந்தால் அந்த இடத்தில் நிறுத்து, அடித்துவிடலாம்.