“பச்சை” என்று எழுதிய ஷெல்ஃப்

1. பளபளத்த கிண்ணங்கள்

சூளைக் கதவைத் திறந்ததும் உள்ளே கிண்ணங்கள் பளபளவென்று இருந்தன. அதுதான் பிரச்சினை. அன்று சூளைக்குள் பளபளக்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

செராமிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கிண்ணத்தை இரண்டு தடவை சுடுகிறோம். முதல் சூட்டுக்கு பிஸ்க் என்று பெயர். அதில் இருப்பது வெறும் மண் என்பதால் ஒட்டாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம். பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கி இரண்டாவது தடவை சுடும்போது ஒரு பொருள் இன்னொன்றைத் தொடவே கூடாது. பூச்சு உருகி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

நான் அன்று போட்டிருந்தது பிஸ்க். ஆனால் நாலு நாலாக அடுக்கிய இருபத்துநான்கு கிண்ணங்கள் பச்சைப் பூச்சு உருகி, ஆறு கட்டைகளாக நின்றன. ஒரு அடுக்கைத் தூக்கினால் அடிப்பலகையும் கூடவே வந்தது.

அத்தனையும் தனலட்சுமி அக்கா செய்தவை.

2. மூன்று மாதக் கெடு

எனக்கு ஊர் எரியோடு. அப்பா அய்யலூர் சந்தையில் ஆடு விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜில் செராமிக் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட் பிடித்து, சொந்த வேலையோடு ஆறு பேருக்கு வகுப்பும் எடுக்க ஆரம்பித்திருந்தேன்.

அக்கா அந்த ஆறில் ஒருவர். சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயக் குடும்பம். காலையில் மல்லிகை பறித்து அனுப்பிவிட்டு பஸ் ஏறி வருவார். படிப்பு அஞ்சாவதோடு நின்றது, எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால் அவர் மண் வனையும் வீலில் உட்கார்ந்தால் மற்ற ஐந்து பேரும் கையைத் துடைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

வீட்டில் மூன்று மாதம் கெடு வாங்கி வந்திருந்தார். அதற்குள் அவர் கைவேலையை யாராவது கேட்டு வந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது, புதிதாக ஹோட்டல் திறக்க இருந்த ஒருவர் சூப் கிண்ணம் கேட்டு வந்தார். அந்தக் கிண்ணங்கள்தான் ஒட்டிப்போயின.

3. ரெண்டும் உங்க எழுத்து

வகுப்புக்கு வந்த எல்லோரும் சூளையைச் சுற்றி நின்றார்கள். நான் இரண்டு ஷெல்ஃபையும் காட்டினேன். ஒன்றில் “பச்சை”, இன்னொன்றில் “சுட்டது” என்று நானே பெயின்டில் எழுதியிருந்தேன். இன்னும் சுடாத பச்சை மண் பொருள் முதல் ஷெல்ஃபுக்கு, ஒரு தடவை சுட்டது இரண்டாவதுக்கு. பிஸ்க் முடிந்து கிளேஸில் முக்கியெடுத்த கிண்ணங்களை அக்கா அந்த முதல் ஷெல்ஃபில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

“எழுதித்தானக்கா போட்ருக்கு? படிக்கத் தெரியாட்டி கேக்க வேண்டியதுதான” என்றேன்.

அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர், “படிச்சுத்தான் சார் வச்சேன்” என்றார். “முக்குன வாளியிலயும் பச்சைன்னு இருக்கு, ஷெல்ஃப்லயும் பச்சைன்னு இருக்கு. ரெண்டும் உங்க எழுத்துதான்.”

திரும்பிப் பார்த்தேன். கிளேஸ் வாளிகளில் பச்சை, நீலம், வெள்ளை என்று எழுதியிருந்தேன். அதே பெயின்ட், அதே எழுத்து. பச்சைக் கலரில் முக்கியதைப் பச்சை ஷெல்ஃபில் வைத்திருக்கிறார். அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு அடுக்கும்போது நடந்தது. சுடுவதற்கு முன் கிளேஸ் வெளுத்த பொடி மாதிரிதான் தெரியும். சுடாத மண் பொருளுக்குப் பூசுகிற வெள்ளைக் களிமண் பூச்சும் அப்படித்தான் இருக்கும். ஆனால் விரலால் சுண்டினால் ஒரு தடவை சுட்டது கணீர் என்று ஒலிக்கும், பச்சை மண் டொக்கென்று கேட்கும். நான் ஒன்றைக்கூடச் சுண்டவில்லை. எழுதியிருக்கிறதே என்று வாரி அடுக்கிவிட்டேன்.

எனக்கு இதெல்லாம் புரிந்து முடிவதற்குள் அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

4. சாணார்பட்டி பஸ்

மூன்று நாள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் கெடுத்துவிட்டேன் என்று ஹோட்டல்காரரிடம் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டேன். முனகிக்கொண்டே சரி என்றார்.

நாலாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் முருகேசன் அண்ணன் வாசலில் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“வேலை கெட்டுப்போச்சுங்குறா. அம்புட்டுதான் சொல்றா, மேக்கொண்டு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. கெட்டுப்போச்சா, இவ கெடுத்தாளா? அதச் சொல்லுங்க. இவ கெடுத்திருந்தா இத்தோட விட்றலாம்.”

“நான் கெடுத்தேண்ணே. சூளைல அடுக்குனது நானு. அக்கா செஞ்சதுல ஒரு குத்தமும் இல்ல. ஹோட்டல்லயும் அப்படித்தான் சொல்லிருக்கேன். ஒரு வாரம் குடுத்துருக்காங்க.”

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, “ஏய், கேட்டியா?” என்று உள்பக்கம் பார்த்தார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் மட்டும் வந்தது. “கேட்டேன். இங்க வந்து எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்க அஞ்சு பேரு இருந்தாங்கள்ல.”

5. அந்த ஐந்து பேர்

மறுநாள் அக்கா வந்தார். எல்லோரும் வரும்வரை காத்திருந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எழுத்து என்னுடையது, அடுக்கியது நான், சுண்டிப் பார்க்காதது நான், படிக்கத் தெரியாதா என்று கேட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு என்றேன். எங்கள் அம்மாவிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன் என்பதையும் சொன்னேன்.

“சரி, சரி” என்றார் அக்கா. “மண்ணு காயுது. வேலையப் பாருங்க.”

இருபத்துநான்கையும் மறுபடி செய்தார். மண்ணை நான் பிசைந்து கொடுத்தேன். வாங்கிய தவணைக்குள் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. கெடு முடிந்த பிறகும் அக்கா வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சூளையில் கெட்டதை மண் இருந்தால் திரும்பச் செய்துவிடலாம். நாலு பேர் முன்னால் ஒருவரைச் சொன்ன சொல்லை, அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னாலும் திரும்ப எடுத்ததாக ஆகாது. அந்த நாலு பேரையும் மறுபடி கூட்டித்தான் எடுக்க வேண்டும்.