மூன்றாம் அறையிலிருந்து போன மெட்டு

பாலே பள்ளியின் மூன்றாம் அறையில் பியானோ வாசிப்பவரைப் பிள்ளைகள் ‘எட்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. காலை ஒன்பதரை முதல் மதியம் வரை எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே வாசிப்பார். காலை நீட்ட எட்டு, மடக்க எட்டு, தாவ இரண்டு எட்டு. இதற்கென்று யாரும் இசை எழுதிக் கொடுப்பதில்லை. பழைய மேதைகளின் இசையில், ஷூபர்ட்டில் ஒரு முழம், ஷோப்பானில் அரை முழம் வெட்டி, எட்டுக்குள் அடங்காத வாலை நறுக்கிவிட்டு, நடுவே தானும் நாலு சுரம் போட்டு ஒட்டுவார்.

“தையல் கடை மாதிரிதான். துணி யாரோடது, நூல் யாரோடதுன்னு கேட்டா எனக்கே தெரியாது” என்பார்.

இருபத்திரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் கேட்டுவிட்டார்கள்.

தாவல் வகுப்புக்கு அவர் வாசிக்கும் ஒரு மெட்டை நீட்டி, ஆண்டுவிழா நடனத்துக்கு ஐந்து நிமிட இசையாக எழுதித் தரச் சொல்லியிருந்தார் பள்ளித் தலைவி. நிகழ்ச்சி நிரலில் ‘இசை’ என்பதற்கு எதிரே அவருடைய பெயர் வரும். அந்த இடத்தில் இதுவரை செத்துப்போனவர்கள் பெயர்தான் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

புதன்கிழமை ஒத்திகை. மகளைக் கூட்டிப்போக வந்த பல் டாக்டரம்மா கதவருகே நின்று கேட்டார். கேட்டுக்கொண்டே முணுமுணுக்கவும் ஆரம்பித்தார். அடுத்த அடி பியானோவில் வருவதற்குள் அவர் வாயில் வந்துவிட்டது.

“இது எந்தக் கம்போசர்? எங்க வீட்ல வருஷக்கணக்கா கேக்குற மெட்டாச்சே.”

எட்டு அக்காவின் கை நின்றுபோனது.

“எங்க கேட்டீங்க?”

“ஞாபகமில்ல. எங்க மாமியாரோட ரேடியோவா இருக்கும்.”

அரை மணி நேரத்தில் விஷயம் காதுக்கு எட்டி, தலைவி கூப்பிட்டு அனுப்பினார்.

“அக்கா, ஒளிக்காம சொல்லுங்க. உங்களோடதுதானே?”

“காலைல வரைக்கும் என்னோடதுதான்.”

“முந்நூறு பேர் உக்காந்திருக்கிற இடத்துல ஒருத்தர் எழுந்து ‘இது இன்னாரோடது’ன்னா என் முகத்தை எங்க வெச்சுக்கறது? வெள்ளி மூணு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா ‘இசை: பலர்’னு போட்டுடறேன்.”

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அலமாரியில் இருந்த இசைப் புத்தகங்களை எல்லாம் கீழே இறக்கினார். இடது கை வாசிக்கும் தாள நடை ஷூபர்ட்டின் சாயல்தான். அதைப் பக்கத்தோடு கண்டுபிடித்துவிட்டார். வலது கை மெட்டு எங்குமே இல்லை. ஆனால் முப்பது புத்தகத்தில் இல்லையென்றால் முப்பத்தொன்றாவதில் இருக்கலாமே.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் கணவர், கிளெமெண்டி என்ற பழைய இசைக்காரரின் புத்தக முன்னுரையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு. பேரரசர் முன்னாடி இவர் வாசிச்சதை மோட்சார்ட் கூடவே இருந்து கேட்டிருக்கார். பத்து வருஷம் கழிச்சு மோட்சார்ட்டோட இசைநாடகத்துல அதே மாதிரி ஒரு மெட்டு. அப்புறம் இந்த மனுஷன், ‘நான் பத்து வருஷம் முன்னாடியே எழுதிட்டேன்’னு புத்தகத்துலயே அச்சடிச்சு வெச்சிருக்கார். மோட்சார்ட்டே பண்ணியிருக்கார், உனக்கென்ன?”

“அவர் பண்ணா மனசுல நின்னதும்பாங்க. நான் பண்ணா திருட்டும்பாங்க.”

வெள்ளிக்கிழமை காலை, விழாவுக்கு முன் பியானோவைச் சரிபார்க்க ட்யூனர் வந்தார். ஒரே கட்டையை இருபது தடவை அவர் தட்டுவதைக் கேட்டால் எட்டு அக்காவுக்குத் தலைவலி வரும்; எப்போதும் டீ குடிக்கப் போய்விடுவார். அன்று டீக்கும் போகவில்லை. மூலையில் உட்கார்ந்தே இருந்தார். ட்யூனர் வேலையை முடித்து, கையைத் துடைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஒன்றை வாசித்தார்.

அதே மெட்டு.

“அண்ணா, இது என்ன?”

“இதுவா? எந்த வீட்ல ட்யூன் பண்ணாலும் கடைசில இதைத்தான் வாசிப்பேன். மேல கீழ எல்லாக் கட்டையும் ஓடி வந்துடும்.”

“பல் டாக்டர் வீட்லயுமா?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை.”

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“உங்ககிட்டத்தான். ஒம்போது வருஷம் இருக்கும். பெடல் ரிப்பேருக்கு வந்து வெளி பெஞ்சுல காத்திருந்தேன். நீங்க, ‘நோட்டுப் பையை பஸ்ல விட்டுட்டு வந்துட்டேன், கைக்கு வந்ததை வாசிக்கிறேன்’னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வாசிச்சீங்க.”

பஸ்ஸில் போன பை எட்டு அக்காவுக்கு நினைவு வந்தது. கணவர் மூன்று டிப்போ ஏறி இறங்கி மீட்டுவந்த பை.

“நான் ஷூபர்ட்டுன்னு நெனச்சேன். கேக்குறவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்” என்றார் ட்யூனர்.

“எத்தனை வீடு?”

“ஒரு நூத்திருபது.”

எட்டு அக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ட்யூனர் ஒன்றும் புரியாமல் கட்டைகளை இன்னொரு தடவை துடைத்தார்.

இரண்டரைக்கே தலைவியின் முன் நின்றார்.

“பேரைப் போடுங்க. கீழ சின்ன எழுத்துல ஒரு வரி: ‘இடது கை நடை ஷூபர்ட்டின் சாயலில்.’ அதை மறைக்க வேண்டாம்.”

“அவ்வளவுதானா?”

“இன்னொரு வரி. ‘முதலில் வாசித்தது மூன்றாம் அறையில், ஒன்பது வருடங்களுக்கு முன்.’”

விழாவில் மெட்டு தொடங்கியதும், பியானோ இருக்கும் வீட்டுக்காரர்கள் அங்கங்கே கூடவே முணுமுணுத்தார்கள். பல் டாக்டரம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம், “இது எங்க ட்யூனர் வாசிக்கிறது” என்றார். அது மேடைவரை கேட்டது. இந்தத் தடவை எட்டு அக்காவின் கை நிற்கவில்லை.