திரும்பி வரவேண்டிய சங்கிலி

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டில் விடிந்ததும் முதலில் சில்லிடுவது கழுத்துச் சங்கிலிதான். முசிறியில் இதே சங்கிலி மத்தியான வெயிலில் சுடும். அப்பா செய்து போட்ட இரட்டைவடம். கல்யாணமாகி வந்தபோது என்னோடு கப்பலேறியது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் என் கணவர் பிறந்ததே இந்தக் குளிரில்தான். நான் நடுங்குவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

போன மாசியில் தங்கை செல்லத்தின் கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பினோம். சங்கிலியை அவளுக்குப் போடுவதாக எழுதியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பித்தான் நாள் குறித்தார்கள். தலைமன்னார் சுங்கத்தில் ஓர் அதிகாரி என் கழுத்தைக் காட்டி, விரலை ஆட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்து, "சரிங்க மாத்தயா, கழட்டவே மாட்டேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கணவரின் முகம் வெளுத்திருந்தது. கப்பலில்தான் வாயைத் திறந்தார்.

"சங்கிலிய எழுதிக்கிட்டாங்க. திரும்பி வர்றப்ப கழுத்துல இல்லன்னா தண்டம், கேஸு. நம்ம பிரஜாவுரிமை மனுவும் அதோட போச்சு."

"இது எங்கப்பா போட்டதுங்க!"

"இப்ப அது இலங்கைச் சாமான்."

அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால், இங்கேயே பிறந்தும் அவர் மனுப்போட்டுத்தான் குடியுரிமை கேட்க வேண்டியிருந்தது. மனு போனால், பிறந்த மண்ணிலிருந்தே அவரை அனுப்பிவிடலாம். அந்தப் பயத்தோடுதான் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் செல்லம் கழுத்தை நீட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"என் கல்யாணத்துக்கு வந்தியா, இல்ல சங்கிலிக்குக் காவலா வந்தியாக்கா?" என்றாள் செல்லம்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்கள். எப்படியோ தாலி ஏறியது. நாங்கள் புறப்பட்டபோது செல்லம் வழியனுப்ப வரவில்லை. அவமானத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

தலைமன்னாரில் அதே அதிகாரி எழுதியிருந்ததையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்து, "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினார். சங்கிலி நாடு வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற வாரம் எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. தள்ளிவிட்டார்கள். கணவர் அதை மடித்துவைத்துவிட்டு வெகுநேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மள அனுப்புனா, இத விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"நாம போகலாம். அது போகக்கூடாது."

இன்று காலையும் சங்கிலி சில்லிட்டது. வழக்கம்போல் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டேன். இந்த வீட்டில் தனக்கென்று ஒரு நாடு உள்ளது அது ஒன்றுதான்.